சாப்பிட்டு வரலாமா? படப்பையில் ஒரு குளுக்கோஸ் கேள்வி

படப்பையில் கருவுற்றிருக்கும் பெண் ஒருவர் எப்படியும் ஒருநாள் கேட்டாக வேண்டிய கேள்வி இது: சுகர் டெஸ்ட்டுக்குச் சாப்பிட்டுவிட்டு வரலாமா, வெறும் வயிற்றோடு வரணுமா? அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால், “சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லைம்மா, குளுக்கோஸ் தண்ணியக் குடிச்சிட்டு ரெண்டு மணி நேரம் உட்காரு” என்று நர்ஸம்மா சொல்வார். அதே பெண் தனியார் மருத்துவமனையில் கேட்டால், “ராத்திரி சாப்பாட்டோட நிறுத்திடுங்க, காலையில காபிகூட வேண்டாம்” என்ற பதில் வரக்கூடும். வீட்டுக்கு வந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, யாரோ ஒருவர் தவறாகச் சொல்லிவிட்டார் என்றுதான் தோன்றும்.

இருவருமே சரியாகத்தான் சொல்கிறார்கள். ஒரே பெயரில் இரண்டு வேறு சோதனைகள் நடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தயாராகும் விதம் வேறு, முடிவை அளக்கும் எண்ணும் வேறு. இந்த இரண்டுக்கும் பின்னால் அறுபது ஆண்டு மருத்துவ விவாதம் இருக்கிறது. அந்த விவாதத்தின் முக்கியமான சில பக்கங்கள் எழுதப்பட்டது சென்னையிலும், படப்பை இருக்கும் இதே காஞ்சிபுரம் மாவட்டத்திலும்தான்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், ஒரகடத்துக்கு முன்பாக வரும் ஊர் படப்பை. ஒருபுறம் தாம்பரம், மறுபுறம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் என்று நீளும் சிப்காட் வட்டாரம். ஹூண்டாய் வந்து, 2010இல் ரெனோ–நிசான் ஆலை வந்து, பிறகு லாரி, மோட்டார் சைக்கிள், கைப்பேசி என்று ஒவ்வொன்றாக வந்து சேர, ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள் வாடகை வீட்டு ஊர்களாயின. விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்த இளம் தம்பதிகள், ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள், காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் என்று குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள் நெருக்கமாக வாழும் வட்டாரம் இது. மாமியாரோ அம்மாவோ கூட இல்லாத வீடுகள் ஏராளம். மருத்துவமனையில் சொன்னதை விளக்கிச் சொல்ல ஆளில்லாத வீட்டில், “வெறும் வயிற்றில் வரவும்” என்ற ஒற்றை வரி ஒரு முழு நாள் சம்பளத்தைத் தின்றுவிடும்.

ஏன் இந்தச் சோதனை எல்லோருக்கும் வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். கருவில் குழந்தை வளர வளர, நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலின் வேலை செய்வதை மெல்லத் தடுக்கின்றன. தாயின் ரத்தத்தில் குளுக்கோஸ் சற்றுக் கூடுதலாகத் தங்கினால்தான் அது குழந்தைக்குத் தடையில்லாமல் போய்ச் சேரும். பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து இதைச் சமாளித்துவிடுகிறது. சிலருக்கு அது முடிவதில்லை; அதுதான் கர்ப்பகாலச் சர்க்கரை. அப்போது தாயின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகிறது, ஆனால் தாயின் இன்சுலின் கடப்பதில்லை. குழந்தை தன் சொந்த இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து அந்தச் சர்க்கரையைக் கொழுப்பாக்கிப் பருக்கிறது. கோபன்ஹேகனில் பணியாற்றிய யோர்கன் பெடர்சன் 1950களில் முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் அடிப்படையாக நிற்கிறது. பருத்த குழந்தை பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்ளலாம். பிறந்த சில மணி நேரத்தில் அதன் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறலாம், சிசேரியன் தேவைப்படலாம்.

இவ்வளவும் நடக்கும்போது தாய்க்கு வெளியே எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம் என்பதுதான் சிக்கல். தாகம், களைப்பு, அடிக்கடி சிறுநீர் எல்லாம் கர்ப்பத்தில் இயல்பாகவே இருப்பவை. “எனக்கு ஒண்ணும் இல்லையே, நல்லாத்தான இருக்கேன்” என்பது இங்கே எதையும் நிரூபிப்பதில்லை. கண்டுபிடித்துச் சிகிச்சை தந்தால் பலன் உண்டா என்ற சந்தேகத்துக்கு 2005இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பதில் வந்தது. ஆயிரம் பெண்களை இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களின் குழந்தைகளில் கடுமையான பாதிப்பு நூற்றுக்கு 1 ஆகவும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களிடம் நூற்றுக்கு 4 ஆகவும் இருந்தது.

சோதனையின் வரலாறு பாஸ்டனில் தொடங்குகிறது. ஜான் ஓசல்லிவனும் புள்ளியியலாளர் கிளேர் மஹனும் 752 கர்ப்பிணிகளுக்கு 100 கிராம் குளுக்கோஸ் கொடுத்து மூன்று மணி நேரம் அளந்து, 1964இல் எல்லை எண்களை வெளியிட்டார்கள். அவர்கள் தேடியது குழந்தைக்கு வரக்கூடிய ஆபத்தை அல்ல. பிற்காலத்தில் எந்தத் தாய்க்குச் சர்க்கரை நோய் வரும் என்பதை. அமெரிக்கா இன்றும் பெரும்பாலும் அந்த வழியின் வழித்தோன்றலையே பின்பற்றுகிறது. முதலில் 50 கிராம் கொடுத்து ஒரு மணி நேரத்தில் வடிகட்டுவார்கள், அதில் கூடுதலாக வந்தவர்களை மட்டும் வெறும் வயிற்றில் திரும்ப அழைத்து 100 கிராம் கொடுப்பார்கள்.

குழந்தைக்கு வரும் ஆபத்தை நேரடியாக அளந்தது 2008இல் வெளியான ஹேப்போ ஆய்வு. ஒன்பது நாடுகளில் 23,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள். முடிவு சங்கடமானது: இந்த எண்ணுக்குக் கீழே பாதுகாப்பு, மேலே ஆபத்து என்று கோடு போட முடியவில்லை. சர்க்கரை ஏற ஏற ஆபத்தும் படிப்படியாக ஏறியது. கோட்டை மனிதர்கள்தான் போட வேண்டியிருந்தது. 2010இல் பன்னாட்டு நிபுணர் குழு போட்ட கோடு: வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 மில்லிகிராம். மூன்றில் ஒன்று தாண்டினாலும் கர்ப்பகாலச் சர்க்கரைதான். உலக சுகாதார நிறுவனம் 2013இல் இதை ஏற்றுக்கொண்டது. அந்த ஒன்பது நாடுகளில் இந்தியா இல்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

எண்கள் இன்னும் அசைந்துகொண்டுதான் இருக்கின்றன. லண்டனில் வாழும் தமிழ்ப் பெண்ணுக்குத் தெற்காசிய வம்சாவளி என்ற காரணத்தாலேயே சோதனை பரிந்துரைக்கப்படும். அங்கே இரண்டு மணி நேர எல்லை ஏறத்தாழ 140. சிட்னியில் இருக்கும் அவர் தங்கைக்கு, 2025இல் ஆஸ்திரேலியா மாற்றிய எல்லைப்படி, அது 162. ஒரே ரத்தம் ஓரிடத்தில் நோய், இன்னோரிடத்தில் இயல்பு. இதைக் கேட்டதும் மருத்துவத்தின் மேலேயே நம்பிக்கை இழக்கத் தேவையில்லை. ஏறும் ஆபத்தின் சரிவில் எந்த இடத்தில் தலையிடுவது என்பதை ஒவ்வொரு நாடும் தன் மக்களையும் மருத்துவ வசதியையும் பார்த்து முடிவு செய்கிறது, அவ்வளவே.

தமிழ்நாடு எடுத்த முடிவு இந்தக் கதையில் தனித்து நிற்பது. அதன் மையத்தில் இருப்பவர் டாக்டர் வீ. சேஷய்யா. சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுக்கென்று தனித்துறையை உருவாக்கியவர், 2022இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் பிறந்த நாளான மார்ச் 10, இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அவரும் சக மருத்துவர்களும் நடத்திய கணக்கெடுப்பில், 2004இல் வெளியான எண் பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது: கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 16.5 விழுக்காட்டினருக்கு இந்தச் சிக்கல். 2008இல் வெளிவந்த தமிழ்நாட்டுச் சமூக ஆய்வு அதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துக் காட்டியது. நகரத்தில் 17.8, நகரை ஒட்டிய பகுதியில் 13.8, கிராமத்தில் 9.9 விழுக்காடு. பன்னிரண்டாயிரம் கர்ப்பிணிகளை நேரில் சோதித்துக் கிடைத்த எண்கள் இவை.

இத்தனை பேருக்கு இருக்கிறதென்றால், ஆபத்து இருப்பவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துச் சோதிப்பது பொருளற்றது. எல்லோரையும் சோதிக்க வேண்டும். ஆனால் எப்படி? வெறும் வயிற்றில் வரச் சொன்னால் கிராமத்துப் பெண் முதல் நாள் வந்து, அதைக் கேட்டுத் திரும்பிப் போய், மறுநாள் வருவாரா? பலர் வருவதில்லை. இங்கேதான் சேஷய்யா குழுவின் துணிச்சல் இருக்கிறது. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், வந்த நேரத்திலேயே 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்து, 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று முடிவு செய்வது. அவர்களின் வாதம் உடலியல் சார்ந்தது. இயல்பான கணையம் சாப்பாட்டுக்கு மேல் குளுக்கோஸ் வந்தாலும் சுறுசுறுப்பாக இன்சுலின் சுரந்து 140க்குள் கொண்டுவந்துவிடும். தடுமாறும் கணையத்தால் அது முடியாது. 800 கர்ப்பிணிகளிடம் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்ட கட்டுரை, சாப்பிட்ட நிலையிலும் வெறும் வயிற்று நிலையிலும் முடிவுகள் ஒத்துப்போவதாகச் சொன்னது. டிப்ஸி என்ற இந்தியக் குழுவின் பெயரால் இது டிப்ஸி முறை எனப்படுகிறது.

2007இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கி ஆணையிட்டது. இந்தியாவில் இதைச் செய்த முதல் மாநிலம் தமிழ்நாடு. மத்திய அரசின் வழிகாட்டுதல் 2014இல்தான் வந்தது, 2018இல் திருத்தப்பட்டது. அதுவும் இதே ஒற்றைச் சோதனை முறையையே எடுத்துக்கொண்டது. உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2015இல் தெற்காசியாவுக்கு ஏற்ற வழிகளில் ஒன்றாக இதை ஒப்புக்கொண்டது. சென்னையின் ராயப்பேட்டை, எழும்பூர் மருத்துவமனைகளில் நடக்கும் சோதனை, கிராம சுகாதார செவிலியரின் கைப்பைக்குள் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

எதிர்வாதமும் சென்னையிலிருந்தே வந்தது. டாக்டர் வி. மோகன் தலைமையிலான சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தினர், ஒரே பெண்களுக்குச் சாப்பிட்ட நிலையில் ஒருமுறையும், சில நாள் கழித்து வெறும் வயிற்றில் ஒருமுறையும் சோதனை செய்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் வயிற்றுச் சோதனை கர்ப்பகாலச் சர்க்கரை என்று காட்டிய நூறு பேரில், சாப்பிட்ட நிலைச் சோதனை பிடித்தது ஏறத்தாழ 28 பேரைத்தான். பன்னாட்டுக் குழுவின் எண்களோடு ஒப்பிட்டால் இன்னும் குறைவு, சுமார் 23 பேர். நோய் இல்லாதவர்களைத் தவறாகப் பிடித்தது மிகக் குறைவு என்பது உண்மைதான். நோய் இல்லாத நூறு பேரில் 97 பேருக்கும் மேல் சரியாகவே விடுவித்தது. ஆனால் நோய் இருந்தும் தவறிப்போனவர்கள் இத்தனை பேரா என்ற கேள்வியை ஒதுக்கித் தள்ள முடியாது.

அதே நிறுவனம் நடத்திய விங்ஸ் திட்டத்தில் காஞ்சிபுரம் மாவட்டம் நேரடியாக வருகிறது. 2013 ஜனவரி முதல் 2014 டிசம்பர் வரை, சென்னையின் தனியார் மகப்பேறு மையங்களில் 1,601 பேரும், காஞ்சிபுரம் மாவட்ட அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 520 பேரும் வெறும் வயிற்றில் மூன்று முறை ரத்தம் கொடுத்தார்கள். வயது, உடல் எடை, குடும்ப வரலாறு ஆகியவற்றைச் சரிசெய்து பார்த்தபோது, பன்னாட்டு எண்களின்படி சென்னையில் 19.8, காஞ்சிபுரம் கிராமப்புறத்தில் 16.1 விழுக்காடு. அந்த வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத் தக்கதல்ல என்கிறது ஆய்வு. நகரத்து நோய், பட்டணத்துச் சாப்பாட்டால் வருவது என்ற எண்ணத்தை இந்த மாவட்டத்துப் பெண்களின் ரத்தமே மறுத்துவிட்டது.

இரு தரப்பையும் படித்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. வெறும் வயிற்றுச் சோதனை நுட்பமானது, சந்தேகமில்லை. ஆனால் செய்யப்படாத நுட்பமான சோதனை யாரையும் காப்பாற்றாது. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் செக்கப்புக்குக் கைவேலையை விட்டு வந்து நிற்கும் பெண்ணை, “நாளைக்கு வெறும் வயிற்றில் வா” என்று திருப்பி அனுப்புவதை விட, அங்கேயே குளுக்கோஸ் கொடுப்பது மேல். அதே சமயம், ஒருமுறை 140க்குள் வந்துவிட்டால் போதும் என்று கோப்பை மூடுவதும் தவறு. தேசிய வழிகாட்டுதல் குறைந்தது இரண்டு முறை கேட்கிறது: முதல் வருகையில் ஒன்று, 24 முதல் 28 வாரத்துக்குள் ஒன்று, இடையில் நான்கு வாரமாவது இடைவெளி. ஒற்றைச் சோதனையின் பலவீனத்தை ஓரளவாவது ஈடுகட்டுவது இந்த இரண்டாவது சோதனைதான். பெற்றோருக்குச் சர்க்கரை உள்ளவர், முந்தைய குழந்தை நாலு கிலோவுக்கு மேல் பிறந்தவர், முந்தைய கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர், எடை கூடுதலாக உள்ளவர் ஆகியோர் சாப்பிட்ட நிலைச் சோதனையில் இயல்பு என்று வந்தாலும், வெறும் வயிற்றுச் சோதனையும் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி.

இனி தயாராவது. சீட்டைக் கையில் வாங்கும்போதே கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு முறை ரத்தம் எடுப்பீர்களா, மூன்று முறையா? ஒரு முறை என்றால் பெரும்பாலும் டிப்ஸி முறை. சாப்பிட்டுவிட்டுப் போகலாம், இரவுப் பட்டினி தேவையில்லை. மூன்று முறை என்றால் வெறும் வயிறு அவசியம்; குறைந்தது எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், தண்ணீர் மட்டும் குடித்துப் போக வேண்டும். பால், காபி, மோர், இளநீர், வெற்றிலைபாக்கு எதுவும் கூடாது. ஆனால் பட்டினியை வேண்டியதற்கு மேல் நீட்டவும் கூடாது. கர்ப்பிணியின் உடல் மற்றவர்களைவிட விரைவாகக் கொழுப்பை எரிக்கத் தொடங்கிவிடும். மாலை ஆறு மணிக்கே சாப்பிட்டு முடித்துவிட்டு மறுநாள் பத்து மணிக்கு லேப்பில் போய் நிற்பது மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம். இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்டு, காலை ஏழு, ஏழரைக்கு லேப் திறந்ததும் முதல் ஆளாகப் போவதே நல்லது. நைட் ஷிப்ட் முடித்து நேராக லேப்புக்குப் போவதைத் தவிர்க்க வேண்டும். தூக்கம் கெட்டால் இன்சுலின் வேலை செய்வது குறையும், எண் உயரும்.

பலரும் செய்யும் ஒரு தவறை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். சோதனை வருகிறது என்று தெரிந்ததும் மூன்று நாள் சோற்றைக் குறைத்து, இனிப்பை நிறுத்தி, கோதுமைக்கு மாறுகிறார்கள். நல்ல ரிசல்ட் வர வேண்டுமாம். வெறும் வயிற்றுச் சோதனைக்கான விதி நேர் எதிரானது: முந்தைய மூன்று நாட்கள் வழக்கம்போலச் சாப்பிட வேண்டும், நாளொன்றுக்குக் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு கப் சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் இருப்பதால், மூன்று வேளை வழக்கமான சாப்பாட்டிலேயே அது வந்துவிடும். மாவுச்சத்தை அடியோடு குறைத்துவிட்டு வந்தால், திடீரென்று வரும் 75 கிராம் குளுக்கோஸைக் கையாளக் கணையம் தடுமாறி, இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டக்கூடும். சாப்பாட்டை மாற்றி எண்ணைக் கீழே இறக்கிவிட்டாலும் அதனால் ஏமாறுவது வயிற்றில் இருக்கும் குழந்தைதான். ஏழாம் மாத வளைகாப்பும் சோதனை வாரங்களும் பக்கத்துப் பக்கத்தில் வருவதால், “வளைகாப்பு முடிஞ்சு சில நாள் போகட்டும், சித்ரான்னமெல்லாம் சாப்பிட்டபிறகு சுகர் ஏறித்தான் இருக்கும்” என்று தள்ளிப்போடுவதும் உண்டு. ஏழாம் மாத முடிவோடு 28 வாரமும் நெருங்கிவிடுகிறது. சோதனையை முன்னாலேயே முடித்துவிட்டு வளையல் போட்டுக்கொள்ளலாம்.

குளுக்கோஸைப் பற்றியும் கொஞ்சம். 75 கிராம் என்றால் ஏறத்தாழ 15 தேக்கரண்டிச் சர்க்கரைக்கு நிகரான இனிப்பு. ஈரப்பதம் கலந்த வகைக் குளுக்கோஸ் என்றால் அதே அளவுக்கு 82.5 கிராம் எடுக்க வேண்டும்; விங்ஸ் ஆய்வில் அப்படித்தான் கொடுத்தார்கள். கடையில் ஆரஞ்சு வாசனையோடு விற்கும் பொடியில் வேறு சர்க்கரையும் கலந்திருப்பதால் அதை வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கலக்கக் கூடாது. 300 மில்லி தண்ணீரில் கரைத்ததை ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். ஒரே மடக்கில் குடித்தால் குமட்டும்; அரை மணி நேரம் உறிஞ்சினால் சோதனை கெடும். குளிர்ந்த தண்ணீரில் கலந்தால் இறங்க எளிது. எலுமிச்சை பிழிய விடுவார்களா என்று லேப்பில் கேட்டுக்கொள்ளலாம். குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், வேறொரு நாள் மறுபடி செய்வார்கள். அரை மணிக்குப் பிறகு வாந்தி வந்தால் தொடரலாம் என்கிறது தேசிய வழிகாட்டுதல்.

குடிக்கத் தொடங்கிய நேரத்தைச் சீட்டிலேயே எழுதச் சொல்லி வாங்க வேண்டும். இரண்டு மணி நேரமும் உட்கார்ந்திருப்பது முக்கியம். அந்த இடைவெளியில் பஜாருக்குப் போய் வருவதும், மாடிப்படி ஏறி ஸ்கேன் எடுத்துவிட்டு வருவதும் தசைகளைக் குளுக்கோஸை உறிஞ்ச வைத்து எண்ணைக் குறைத்துக் காட்டும். சாப்பிட்டுவிட்டு வந்தாலும், இரண்டு மணி நேரத்துக்குள் பிஸ்கட் ஒன்றுகூடக் கூடாது. காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போட வேண்டும். குறைப்பிரசவ அச்சத்தால் குழந்தையின் நுரையீரலுக்காகப் போடும் ஸ்டீராய்டு ஊசி சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றி வைக்கும். அதைப் போட்டிருந்தால் சொல்லியே ஆக வேண்டும். குடல் அல்லது இரைப்பை எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்கு இந்தச் சோதனையே பொருந்தாது, வேறு வழியில் பார்ப்பார்கள். முடிந்ததும் சாப்பிடக் கையில் டிபன் டப்பா இருக்கட்டும். சிலருக்கு மூன்றாவது மணி நேரத்தில் சர்க்கரை இறங்கித் தலைசுற்றும்.

லேப்பின் கடமையும் இதே அளவு முக்கியம். எடுத்த ரத்தம் குழாயிலேயே கிடந்தால், ரத்த அணுக்கள் அதிலுள்ள குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை குறையும், வெயிலில் இன்னும் வேகமாக. சாலையோரக் கலெக்‌ஷன் சென்டரில் எடுத்த ரத்தம் பைக்கில் தாம்பரம் போய்ச் சேருவதற்குள் 148 என்பது 138 ஆகிவிட்டால், ஒரு பெண் பட்டியலிலிருந்து வெளியேறிவிடுவார். சாம்பல் மூடிக் குழாயும் குளிர்ப்பெட்டியும் உடனடிப் பிரித்தலும் சின்ன விஷயங்கள் அல்ல. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவி, குளுக்கோஸ் குடித்த பிறகு கைநரம்பு ரத்தத்தைவிடச் சற்று உயர்ந்த எண்ணைக் காட்டும் இயல்புள்ளது. அதனால் இரண்டு இடத்து எண்களை நேருக்கு நேர் வைத்துச் சண்டை போடுவதில் பயனில்லை. மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தச் சோதனையைப் பார்த்துவிட்டால் குளுக்கோஸ் குடிக்க வேண்டாமே என்று கேட்பவர்களும் உண்டு. கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி 52.2 விழுக்காட்டினருக்கு, ரத்தசோகை உள்ள நாட்டில் அந்தச் சோதனையை நம்பிக் கர்ப்பகாலச் சர்க்கரையை ஒதுக்கிவிட முடியாது.

கம்பெனிகளுக்கும் இதில் பங்கு உண்டு. இந்த வட்டாரத்தில் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் பெரும்பாலான தொழிலாளர்கள் இஎஸ்ஐ மருத்துவக் காப்பீட்டு வரம்புக்குள் வருகிறார்கள். 2017 திருத்தம் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. அன்றாடக் கூலிப் பட்டியலில் உள்ள பெண்களுக்கும் பேறுகாலப் பலன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. ஆனால் குளுக்கோஸ் சோதனை விடுப்பில் வருவதல்ல, வேலை பார்க்கும் மாதங்களில் வருவது. வெயிட்டிங்கோடு சேர்த்து மூன்று மணி நேரம். அதைச் சம்பளம் பிடிக்காமல், லைன் லீடரின் முகச்சுளிப்பு இல்லாமல் கொடுக்க ஒவ்வொரு ஆலையும் முன்வர வேண்டும். ஆலைக்குள்ளேயே மருத்துவ அறை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள், சுகாதாரத் துறையோடு பேசி அந்த அறையிலேயே இந்தச் சோதனையை நடத்த முடியும். டிப்ஸி முறை அதற்கென்றே அளவெடுத்ததுபோல இருக்கிறது: பட்டினி இல்லை, ஒரே ஒரு ரத்த எடுப்பு, டீ இடைவேளையில் குடித்து அடுத்த இடைவேளையில் கொடுத்துவிடலாம், நடுவில் உட்கார இடம் கிடைத்தால் போதும்.

எண் கூடுதலாக வந்துவிட்டால் பதற வேண்டாம். முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் உணவும் நடையும்தான் சிகிச்சை. பட்டினி கிடப்பது அல்ல. சோற்றின் அளவைக் குறைத்து, வேளைகளைப் பிரித்து, பருப்பும் காயும் முட்டையும் கூட்டுவது. பிறகு சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 120க்குள் நிற்கவில்லை என்றால் மாத்திரையோ இன்சுலினோ சேரும். அரசு ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வரும் ஹெல்த் மிக்ஸையும் பேரீச்சம்பழத்தையும் எவ்வளவு சாப்பிடலாம் என்று நர்ஸம்மாவிடம் கேட்டுவிட்டுத் தொடர்வது நல்லது.

கவலைக்குரிய ஓட்டை பிரசவத்துக்குப் பிறகுதான் இருக்கிறது. கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் என்று 2009இல் வெளியான தொகுப்பாய்வு சொல்லியது. 2020இல் வந்த இன்னொன்று ஏறத்தாழப் பத்து மடங்கு என்றது. அதனால் பிரசவமான ஆறு வாரத்தில் மறுபடியும் 75 கிராம் சோதனை செய்ய வேண்டும் என்கிறது வழிகாட்டுதல். இந்த முறை வெறும் வயிற்றில். தமிழ்நாட்டில் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனையில் நடக்கின்றன. ஆனால் ஆறு வாரம் கழித்துத் தாய் எங்கே இருக்கிறார்? படப்பையில் பதிவு செய்து சோதனை எடுத்துக்கொண்டவர், தலைப்பிரசவத்துக்குச் செய்யாற்றிலோ திண்டிவனத்திலோ தாய்வீட்டில் இருப்பார். அங்கிருக்கும் செவிலியருக்கு இவருக்குச் சர்க்கரை இருந்ததே தெரியாமல் போகலாம். குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூக்கம் கெட்டிருக்கும் தாய் தன் ரத்தத்தைப் பற்றி நினைக்கும் நிலையில் இருப்பதும் அரிது.

வழி இருக்கிறது. குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் தடுப்பூசி போட எப்படியும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வருவார்கள். அந்த நாளிலேயே தாயையும் வெறும் வயிற்றில் வரச் சொல்லி, குழந்தைக்கு ஊசி, தாய்க்குக் குளுக்கோஸ் என்று ஒரே வருகையில் முடிக்கலாம். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரப்படும் பிக்மி எண் மாவட்டம் தாண்டியும் அதே எண்தான். தாய்வீட்டுக்குக் கிளம்பும் முன் மருத்துவ அட்டையில் “கர்ப்பகாலச் சர்க்கரை” என்று பெரிய எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, அந்த எண்ணோடு அங்குள்ள செவிலியரிடம் காட்ட வேண்டும். இரண்டு மணி நேர எண் 140க்குக் கீழே இருந்தால் ஆண்டுக்கொருமுறை பார்த்துக்கொண்டால் போதும். 140 முதல் 199 வரை என்றால் சர்க்கரை நோயின் வாசல். உணவும் எடையும் உடற்பயிற்சியும் அப்போதே தொடங்க வேண்டும். 200 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோயாகப் பதிவு செய்து சிகிச்சை தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வழியாக மாத்திரைகள் வீட்டுக்கே வரும். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும்போது, கருத்தரிப்பதற்கு முன்பே ஒருமுறை சர்க்கரை பார்த்துவிட்டு, கர்ப்பம் உறுதியான முதல் வருகையிலேயே “போன தடவை எனக்கு சுகர் இருந்துச்சு” என்று சொல்ல வேண்டும்.